கோச்சிடம் போகும் முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுகிறேன். லைஃப் கோச்சிடம் மூன்று மாதம் போகலாமா என்று கேட்டிருந்தாய். உங்கம்மா அதை வெட்டிச் செலவு என்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால், அவர் உனக்கு வழி சொல்லப்போகிறார் என்று நினைத்துப் போனால் ஏமாந்துதான் திரும்புவாய்.

கம்பெனியில் பயிற்சிப் பிரிவில் இருந்தபோது இந்தத் தொழிலைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். கோச் வழி சொல்லாததற்குக் காரணம் உண்டு. அமெரிக்க டென்னிஸ் பயிற்சியாளர் திமோத்தி கால்வே, 1974-ல் வந்த தன் நூலில் ஒன்றைக் காட்டினார். மட்டையை இப்படிப் பிடி, அப்படி வீசு என்று ஓயாமல் சொல்வதைவிட, பந்து தரையில் படும் கணத்தை ஆட்டக்காரரையே கவனிக்கச் சொன்னால் ஆட்டம் தானாகத் திருந்துகிறது. கார்ப் பந்தய வீரராக இருந்த ஜான் விட்மோர் அந்த முறையை பிரிட்டன் அலுவலகங்களுக்குக் கொண்டுபோனார். என்ன வேண்டும், இப்போது நிலை என்ன, என்னென்ன வழி இருக்கிறது, எதைச் செய்யப்போகிறாய் என்ற நாலு கேள்விகளை வைத்து 1992-ல் புத்தகமும் எழுதினார். இன்றும் பல கோச்சுகள் கேட்பது அதைத்தான்.

டீம் லீட் ஆனதிலிருந்து எல்லா வேலையும் உன் தலையில்தான் விழுகிறது என்று எழுதியிருந்தாயே, அதையே எடுத்துக்கொள். நல்ல கோச், "மாட்டேன் என்று சொல்லக் கற்றுக்கொள்" என்று சொல்ல மாட்டார். "போன வாரம் யார் வேலையை நீ செய்தாய்?" என்பார். நீ ஒரு பெயரைச் சொல்வாய். "அவர் கேட்டாரா, நீயாக எடுத்தாயா?" அங்கே கொஞ்சம் திணறுவாய். அவர் அவசரப்பட்டுப் பேச மாட்டார், காத்திருப்பார். கடைசியில், வியாழக்கிழமைக்குள் எந்த ஒரு வேலையைத் திருப்பிக் கொடுக்கிறாய் என்று உன் வாயாலேயே சொல்ல வைப்பார். அடுத்த முறை முதல் கேள்வியே அதுதான். நண்பர்களிடம் புலம்பினால் மனசு லேசாகும், ஆனால் இப்படிக் கணக்குக் கேட்க ஆள் இருக்காது. நீ காசு கொடுப்பது இதற்குத்தான்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்று இருந்தால் அது கோச்சின் வேலை இல்லை கண்ணு. மனநல மருத்துவரைப் பார். இல்லாவிட்டால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளரைப் பார். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்நேரமும் கூப்பிடலாம், காசில்லை, தமிழிலும் பேசுவார்கள். அப்படி ஏதாவது இருந்தால் என்னிடம் மறைக்காதே.

நம் நாட்டில் இந்தத் தொழிலுக்கு உரிமம் கிடையாது. யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். சர்வதேசக் கோச்சிங் கூட்டமைப்பு என்று 1995-ல் தொடங்கியது ஒன்று இருக்கிறது. அவர்களுடைய முதல் நிலைச் சான்றுக்கே 60 மணி நேரப் பாடமும் 100 மணி நேரக் கோச்சிங் அனுபவமும் வேண்டும். அந்தச் சான்று இருக்கிறதா என்று கேள். கேட்க வெட்கப்படாதே. "வாழ்க்கையே மாறிவிடும், இன்றே கட்டினால் பாதி விலை" என்று பேசினால் எழுந்து வந்துவிடு. சான்று இருந்தாலும் உனக்கு ஒத்துப்போகாதவராக இருக்கலாம், அதனால் பணம் கட்டும் முன் ஒரு முறை பேசிப் பார். அவரே அதிகம் பேசினால் அவர் உனக்கு வேண்டாம்.

பாதிப் பணம் கம்பெனி தருகிறது என்றாய். அதில்தான் எனக்குக் கவலை. நீ அங்கே பேசுவதில் எது உன் மேனேஜருக்குப் போகும், எது போகாது என்று எழுத்தில் வாங்கிக்கொள். பொதுவாக, எத்தனை முறை வந்தாய், என்ன இலக்கு என்பதோடு நிற்க வேண்டும். வேலையை விடலாமா என்கிற யோசனையைக்கூட அங்கே பயமில்லாமல் பேச முடியாவிட்டால் போயும் பயனில்லை. எழுதித் தரத் தயங்கினால், கம்பெனிப் பணம் வேண்டாம் என்று சொல்லிவிடு. மீதியை நான் தருகிறேன். அந்த ஒப்பந்தத் தாளை, கையெழுத்துப் போடும் முன் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு.

அன்புடன்,
அத்தை