11ஏ காப்பாற்றாது

"தம்பி, அந்தப் பதினொண்ணு ஏ கெடைக்குமான்னு பாருப்பா. துட்டு எவ்வளவு ஆனாலும் சரி."

தூத்துக்குடியிலிருந்து மதினி. மகள் முதல்முறையாக வேலைக்கு சிங்கப்பூர் போகிறாள். தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குச் சின்ன விமானம், அங்கிருந்து பெரியது. இரண்டிலும் 11ஏ வேண்டுமாம். இருபத்தெட்டு வருஷம் விமானப் பராமரிப்பில் ஸ்பேனர் பிடித்தவன் என்பதால் சொந்தபந்தங்களுக்கு நான்தான் டிராவல் ஏஜென்ட், நான்தான் ஜோசியர். இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. எழுதியே வைத்துவிடுகிறேன். இனி யார் கேட்டாலும் இதை நீட்டிவிட்டு என் காபியைக் குடிப்பேன்.

கதை எங்கே தொடங்கியது என்று எல்லோருக்கும் தெரியும். 2025 ஜூன் 12, அகமதாபாத். லண்டன் கிளம்பிய போயிங் 787, ஏறிய வேகத்தில் மருத்துவக் கல்லூரி விடுதியின் மேல் விழுந்தது. உள்ளே இருந்த 242 பேரில் பிழைத்தவர் ஒரே ஒருவர். அவர் உட்கார்ந்திருந்தது 11ஏ. மறுநாளே வாட்ஸப் வேலையை ஆரம்பித்துவிட்டது. போதாக்குறைக்கு, 1998இல் சூரத் தானியில் விழுந்த தாய்லாந்து விமானத்தில் தானும் 11ஏவில்தான் இருந்ததாக அந்நாட்டுப் பாடகர் ஒருவர் சொல்லிவைத்தார். இரண்டு 11ஏ, இரண்டு உயிர்! வேறென்ன சாட்சி வேண்டும் நமக்கு?

கொஞ்சம் பொறுங்கள். அந்தத் தாய்லாந்து விபத்தில் 146 பேரில் 101 பேர் இறந்தார்கள். மீதி 45 பேர். பாடகரைத் தவிர்த்த 44 பேரும் அவர் மடியிலா உட்கார்ந்திருந்தார்கள்? அகமதாபாத்தில் பிழைத்தவரின் தம்பியும் அதே விமானத்தில், அதே பதினோராம் வரிசையில், மறு கோடியில் இருந்தார். அவர் பிழைக்கவில்லை. வரிசை ஒன்று, எண் ஒன்று, முடிவு வேறு. தான் இருந்த பக்கம் விடுதியின் தரைத்தளத்தில் போய் விழுந்தது, கதவு உடைந்து வெளியேற இடம் கிடைத்தது என்று பிழைத்தவரே சொல்லியிருக்கிறார். அந்தக் கட்டடம் சில அடி தள்ளி இருந்திருந்தால் இன்று நாம் வேறொரு எண்ணைப் பேசிக்கொண்டிருப்போம், அல்லது எந்த எண்ணையும் பேசமாட்டோம். 2024 டிசம்பரில் தென்கொரியாவின் முவானில் மோதிய விமானத்தில் பயணிகள் 175 பேரும் போனார்கள். மிஞ்சிய இருவரும் வால்பக்கம் இருந்த பணியாளர்கள். அந்தப் பயணிகள் சீட்டுகளுக்கும் எண்கள் இருக்கத்தான் செய்தன.

எனக்கு எரிச்சல் வருவது இதில்கூட இல்லை. 11ஏ என்றால் எல்லா விமானத்திலும் ஒரே இடம் என்று நினைக்கிறார்களே, அதில்தான். சீட் எண் என்பது வீட்டுக் கதவிலக்கம் மாதிரி. எல்லா ஊரிலும் 11ஆம் நம்பர் வீடு பிள்ளையார் கோவில் பக்கத்திலா இருக்கிறது? அந்த 787இல் 11ஏவுக்குப் பக்கத்தில் கதவு இருந்தது. நம் ஊரில் நிறையப் பறக்கும் ஏ320இல், எமர்ஜென்சி கதவு 12, 13ஆம் வரிசைகளில் இருந்தால், பதினொன்று அதற்கு நேர் முன்னால். சாய்ந்தால் வழியை மறிக்கும் என்பதால் அப்படிப்பட்ட வரிசையின் சாய்மானத்தைப் பெரும்பாலும் பூட்டிவைத்திருப்போம். கூடுதல் காசு கட்டி, விறைப்பாக உட்கார்ந்து போகலாம். போயிங் 737-800இல் இடது பக்கச் சுவருக்குள் ஏர்கண்டிஷன் குழாய் ஏறும் இடத்தில் ஜன்னலே கிடையாது. அந்தச் சுவர் அநேகமாகப் பதினொன்றை ஒட்டிய வரிசைகளில்தான் வந்து விழும். ஜன்னலோரம் என்று வாங்கிவிட்டு பிளாஸ்டிக் பலகையைப் பார்த்துக்கொண்டு வந்த ஒரு மனிதர் என்னிடமே சண்டைக்கு வந்தார், நான்தான் ஜன்னலை அடைத்தேன் என்பதுபோல.

மதினியின் தூத்துக்குடி விமானம் இருக்கிறதே, ஏடிஆர் 72, அதில்தான் வேடிக்கை. இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் நடுவில் கதவு கிடையாது. முன்னால் இரண்டு எமர்ஜென்சி வழிகள், பின்னால் நாம் ஏறும் கதவும் அதற்கு எதிரே சர்வீஸ் கதவும். பதினோராம் வரிசை நட்டநடுவில். எந்தக் கதவுக்கும் தூரம். அதைத்தான் எவ்வளவு ஆனாலும் சரி என்கிறார்கள்!

இனி அடுத்த கட்சி: "கடைசி வரிசைதான் பத்திரம்." இதில் ஒரு துளி உண்மை உண்டு, ஒத்துக்கொள்கிறேன். பழைய விபத்துக் கணக்குகளைக் கூட்டிப் பார்த்தால் பின்பகுதிக்குச் சற்றே அனுகூலம் தெரிகிறது. ஆனால் 1985இல் மான்செஸ்டரில் ஓடுபாதையிலேயே தீப்பிடித்த 737இல் காற்று நெருப்பைப் பின்பக்கம் தள்ளியது. இறந்த 55 பேரில் பெரும்பாலோர் பின்னால் இருந்தவர்கள், அதிலும் பலர் புகையில் மூச்சுத் திணறியவர்கள். விபத்து எந்தப் பக்கமாக வரும் என்று டிக்கெட்டில் போட்டுத் தருவதில்லை.

வேலைக்காகும் ஒரே கணக்கு வேறு. கிரீனிச் பல்கலைக்கழகத்தின் எட் கேலியா, தப்பியவர்கள் சொன்னதை எல்லாம் திரட்டி ஆராய்ந்தவர். வாசலுக்கு ஐந்து வரிசைக்குள் இருந்தவர்களுக்கே தீயிலிருந்து தப்ப வாய்ப்பு அதிகம் என்றார். ஆகவே உட்கார்ந்ததும் முன்னும் பின்னும் வாசலுக்கு எத்தனை வரிசை என்று கைவைத்து எண்ணுங்கள், புகையில் கண் உதவாது. பெல்ட்டைத் தளர்த்தாதீர்கள். ஓடச் சொன்னால் பையை விட்டுவிட்டு ஓடுங்கள். 2024 ஜனவரியில் டோக்கியோ ஹனேடாவில் எரிந்த விமானத்திலிருந்து 379 பேரும் உயிரோடு இறங்கினார்களே, சீட் எண் பார்த்தா இறங்கினார்கள்?

மற்றவற்றைச் சுருக்கமாக முடிக்கிறேன். பின்வரிசையில் ஆக்சிஜன் குறைவு என்பது சுத்தப் பொய். கேபின் அழுத்தம் முன்னும் பின்னும் ஒன்றே, காற்றும் சில நிமிடத்துக்கு ஒருமுறை மாறிவிடும். பின்னால் இரைச்சல் அதிகம் என்பது உண்மை. குலுக்கலும் அங்கேதான் அதிகம். பஸ்ஸின் கடைசி சீட்டில் திருச்செந்தூர் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். வயிறு பிரட்டுபவர்கள் இறக்கையை ஒட்டி உட்காரட்டும். முதல் வரிசை சொகுசு என்பது பாதிதான். கால் நீட்டலாம், ஆனால் மேஜை கைப்பிடிக்குள் ஒளிந்திருப்பதால் அகலம் குறையும், பையைக் காலடியில் வைக்க விடமாட்டார்கள், பெரிய விமானமென்றால் தொட்டில் மாட்டுமிடமும் அதுதான். பிள்ளையோடு சேர்ந்து உட்காரக் காசு கட்டித்தான் ஆக வேண்டுமா? வேண்டாம். 12 வயதுவரை உள்ள பிள்ளைக்கு ஒரே முன்பதிவில் வரும் பெற்றோர் ஒருவரின் பக்கத்தில் இடம் தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ 2024இலேயே சொல்லியாயிற்று. கேளுங்கள். காலில் ரத்தம் உறைவது மலிவு டிக்கெட்டின் சாபம் என்பதும் தவறு. நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் இருந்தால் அந்த அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் சொன்னது. பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் அதே கதைதான். ஜன்னலோரம் பிடித்துவிட்டுப் பக்கத்து ஆளை எழுப்பக் கூச்சப்பட்டு எட்டு மணி நேரம் குத்துக்கல்லாக இருப்பவர்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

இப்போது என் பழைய வயிற்றெரிச்சல். நான் சீட்டைத் தூக்கி மாட்டியவன். தரையில் நீளவாக்கில் ஓடும் தண்டவாளத்தைக் கம்பளம் மூடியிருக்கும். அதைத் தூக்கினால் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு வட்டத் துளை தெரியும். பூட்டைத் தளர்த்தி, சீட்டை ஓர் அங்குலம் நகர்த்தி, திரும்பப் பூட்டினால் முடிந்தது. முப்பது வரிசையில் வரிசைக்கு ஓர் அங்குலம் சுருட்டினால் முப்பது அங்குலம். அதாவது இன்னொரு முழு வரிசை, ஆறு டிக்கெட். ஜன்னலோ உடற்கூட்டில் நிலையாக இருக்கிறது, அது நகராது. அதனால்தான் உங்கள் ஜன்னல் உங்கள் காதுக்குப் பின்னால் போய்விட்டது. ஒரு சீட்டின் முதுகுக்கும் அடுத்த சீட்டின் முதுகுக்கும் உள்ள தூரத்தை பிட்ச் என்போம். 32 அங்குலம் போட்ட கையாலேயே 28ம் போட்டிருக்கிறேன். மான்செஸ்டர் தீக்குப் பிறகு பிரிட்டன் சீட்டுக்கு இடையே குறைந்தபட்ச இடம் இவ்வளவு என்று விதித்தது. நான் அவ்வளவுகூடக் கேட்கவில்லை. பிஸ்கட் பாக்கெட்டில் எடை போடுகிறோம், பனியனில் அளவு போடுகிறோம். டிக்கெட்டில் பிட்ச் எத்தனை அங்குலம் என்று போட என்ன கஷ்டம்? ஜன்னலா நடுவா என்று முந்நூறு நானூறு பிடுங்கத் தெரிகிறது, விற்கும் சரக்கின் அளவைச் சொல்லத் தெரியவில்லை. 11ஏவுக்கு அலையும் கூட்டத்தில் கால்வாசிப் பேர் இதைக் கேட்டிருந்தால் போதும்.

மதினி மகளுக்கு ஏடிஆரில் பின்பக்கமாக ஒரு சீட் போட்டுக்கொடுத்தேன், கூடுதல் காசில்லாமல். வாசலுக்கு எத்தனை வரிசை, முழங்காலுக்கும் முன்சீட்டுக்கும் நடுவே எத்தனை விரல் நுழைகிறது, இரண்டையும் பார்த்துச் சொல் என்றேன். ஏறி உட்கார்ந்ததும் செய்தி வந்தது: "சித்தப்பா, நாலு வரிசை. ரெண்டு விரல்தான்."