ஒரு தொகுதி, இரு குணம்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மாறாமலை, கரும்பாறை முதலிய மலைத்தோட்டங்களில் விளையும் கிராம்பு புவிசார் குறியீடு பெற்றது. அதன் எண்ணெயில் பெரும்பகுதி யூஜெனால். இது பீனால் வகையைச் சார்ந்த சேர்மம். மலையை விட்டுக் கீழிறங்கினால் பனை. கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கினால் அக்கானி. தடவாவிடில் சாறு நொதித்துக் கள்ளாகும். கள்ளில் உள்ள எத்தனால் ஓர் ஆல்கஹால்.

இவ்விரு சேர்மங்களிலும் ஹைட்ராக்சில் தொகுதி உண்டு. ஆதலால் சோடியம் உலோகம் இவற்றை வேறுபடுத்திக் காட்டாது. இரண்டிலிருந்தும் ஹைட்ரஜன் வெளியேறும். பீனாலில் அத்தொகுதி பென்சீன் வளையத்தோடு நேரடியாகப் பிணைந்துள்ளது. புரோட்டான் நீங்கியபின் எஞ்சும் எதிர்மின்சுமை வளையம் முழுவதும் பரவுவதால், பீனால் எத்தனாலைவிட ஏறத்தாழ 10 இலட்சம் மடங்கு வலிய அமிலமாகிறது. வளையம் இருந்தால் மட்டும் போதாது. பென்சைல் ஆல்கஹாலில் வளையம் உண்டு. ஆயினும் இடையில் ஒரு கார்பன் நிற்பதால் அது ஆல்கஹாலே.

நடுநிலை பெர்ரிக் குளோரைடு கரைசலைச் சில துளிகள் சேர்த்தால் பீனால் ஊதா நிறம் தரும், எத்தனால் தராது. எல்லாப் பீனால்களும் ஊதா நிறமே தரும் என எதிர்பார்த்தல் கூடாது. எத்தனாலில் கரைத்த யூஜெனால் நீலமோ பச்சையோ கலந்த நிறம் காட்டும். இங்கு எத்தனால் கரைப்பானாக நின்றும் நிறமாற்றத்தில் பங்கு கொள்வதில்லை என்பது நோக்கத்தக்கது.

புரோமின் நீர்ச் சோதனையில்தான் மாணவர் பெரிதும் வழுவுவர். பீனால் புரோமின் நீரை நிறமிழக்கச் செய்து, 2,4,6-டிரைபுரோமோபீனால் என்னும் வெண்ணிற வீழ்படிவைத் தரும். யூஜெனாலும் நிறமிழக்கச் செய்யும்; ஆனால் அதன் பக்கச் சங்கிலியிலுள்ள இரட்டைப் பிணைப்பும் புரோமினை ஏற்கும். அல்லைல் ஆல்கஹாலும் அவ்வாறே நிறத்தைப் போக்கும். அது பீனால் அன்று. ஆகவே நிறம் மறைந்ததை மட்டும் கொண்டு முடிவுரைத்தல் தவறு.

சோடியம் ஹைட்ராக்சைடு சோதனை கிராம்பெண்ணெய்க்கு மிகப் பொருந்தும். நீரில் இட்ட எண்ணெய்த் துளி அடியில் தங்கும். நீர்த்த காரம் சேர்த்துக் குலுக்கினால் யூஜெனால் உப்பாகிக் கரையும். காரியோபில்லீன் போன்றவை கரையாது எஞ்சும். காரக் கரைசலைப் பிரித்து அமிலம் சேர்த்தால் யூஜெனால் மீண்டும் எண்ணெயாகத் திரளும். யூஜெனாலைத் தனித்துப் பிரிக்கும் தொழில்முறையும் இதுவே. எத்தனாலோ வெறும் நீரிலேயே முழுதும் கலப்பது. அதற்கு இச்சோதனை எதையும் உணர்த்தாது. சோடியம் பைகார்பனேட்டுடன் இரண்டும் நுரைப்பதில்லை.

குளிர்ந்த காரக் கரைசலில் பென்சீன் டையசோனியம் குளோரைடுடன் பீனால் ஆரஞ்சு நிறச் சாயம் தரும், எத்தனால் தராது. சோதனை எதுவாயினும் பீனால் தோலைச் சுடும், கையுறை வேண்டும்.

எண்ணெய் வடித்தெடுத்த சக்கைக் கிராம்பை நல்ல கிராம்போடு கலந்து விற்பதுண்டு. அதைக் கண்டறியக் கிராம்பு ஊறிய நீரில் பெர்ரிக் குளோரைடு இடுவதால் பயனில்லை. கிராம்பிலுள்ள டானின்களும் பீனால் தொகுதி உடையவை. எண்ணெய் நீங்கிய பின்னும் கருநீல நிறம் தோன்றும். முதலில் எண்ணெயை வடித்தெடுத்து, அதன் அளவைக் காண வேண்டும். அதற்கு வசதியில்லாத சந்தையில் ஒரு குவளை நீர் போதும்: நல்ல கிராம்பு மூழ்கும், அல்லது நிமிர்ந்து நிற்கும், சக்கை படுத்து மிதக்கும்.