மேசையிலிருந்து மெய்நிகர் கணினிகளை நிர்வகித்தல்

ஒரே கணினியினுள் பல மெய்நிகர் கணினிகளை இயங்கச் செய்யும் கே.வி.எம். என்னும் அமைப்பு, 2007-ஆம் ஆண்டு லினக்ஸ் கெர்னலில் சேர்க்கப்பட்டது. அவற்றைத் தாங்கும் தாய்க் கணினி பெரும்பாலும் திரையின்றித் தனி அறையில் இருக்கும். பணியாளரின் மேசையிலிருப்பதோ விண்டோஸ் கணினி.

இவ்விரண்டையும் இணைக்கும் பாதுகாப்பான வழி எஸ்.எஸ்.எச். ஆகும். 2018 முதல் இது விண்டோஸ் 10-உடனேயே கிடைக்கிறது. இதன் வழியே தாய்க் கணினியினுள் நுழைந்து, 'விர்ஷ்' என்னும் கருவிக்குக் கட்டளையிடலாம். பார்வைப் பக்கம் விரும்புவோர் தாய்க் கணினியில் 'காக்பிட்' மென்பொருளை நிறுவி, உலாவியில் 9090-ஆம் போர்ட் வழியாகக் காணலாம்.

கட்டளைகளின் பொருளை நன்கு அறிதல் இன்றியமையாதது. விர்ஷில் 'ஷட்டவுன்' என்பது மெய்நிகர் கணினியை முறைப்படி நிற்குமாறு வேண்டுவது. 'டெஸ்ட்ராய்' என்பது, பெயர் அச்சுறுத்தினும், வட்டினை அழிப்பதன்று. மின்சாரத்தைத் திடீரெனத் துண்டிப்பதை ஒக்கும். எனினும் சேமிக்கப்படாத வேலை வீணாகும். 'விர்ஷ்' என்னும் சொல்லை விடுத்து, நிர்வாக உரிமையுடன் 'ஷட்டவுன்' என மட்டும் இடின் தாய்க் கணினியே நிற்கும். அதனை நம்பிய அனைத்தின் பணியும் தடைப்படும்.

ஆதலின், கட்டளை இடுமுன் திரையில் தோன்றும் கணினிப் பெயரைப் படித்தறிதல் ஒவ்வொருவருக்கும் வழக்கமாதல் வேண்டும்.