லாபம் வேறு, ரொக்கம் வேறு: நிறுவனக் கணக்குகள் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஒரு நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கு முக்கியமாக மூன்று அறிக்கைகளால் ஆனது. நிதியாண்டின் கடைசி நாளில் நிறுவனத்திடம் என்ன இருக்கிறது, யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதை இருப்புநிலைக் குறிப்பு சொல்கிறது. ஆண்டு முழுவதும் ஈட்டியதையும் செலவானதையும் லாப நட்டக் கணக்கு சொல்கிறது. பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்பதைச் சொல்வது ரொக்க ஓட்ட அறிக்கை. இவற்றின் பின்னால் பல பக்கங்களுக்குக் குறிப்புகள் தொடரும். புதிதாகப் படிப்பவர்களில் பலர் நிகர லாபம் என்ற ஒற்றை வரியைப் பார்த்ததும் அறிக்கையை மூடிவிடுகிறார்கள். கணக்குகளைப் பற்றிப் பரவலாக நிலவும் சில தவறான நம்பிக்கைகளே அதற்குக் காரணம்.

நம்பிக்கை: லாபம் என்றால் அவ்வளவு பணம் கைக்கு வந்துவிட்டது.

உண்மை: லாபம் உரிமை அடிப்படையில் கணக்கிடப்படுகிறது. சரக்கு வாங்குபவர் வசம் போனதும் விற்பனை பதிவாகிவிடும்; பணம் எப்போது வருகிறது என்பது வேறு விஷயம். ஒரு நூற்பாலை மார்ச் 20 அன்று ரூ.1 கோடிக்கு நூல் விற்கிறது, 60 நாள் தவணை கொடுக்கிறது என்று கொள்வோம். பஞ்சு, கூலி, மின்சாரம் ஆகியவற்றுக்கு ரூ.80 லட்சத்தை ஆலை ஏற்கெனவே கொடுத்துவிட்டது. மார்ச் 31 அன்று முடியும் லாப நட்டக் கணக்கில் இந்த விற்பனையால் ரூ.20 லட்சம் லாபம். ஆனால் ஆலையின் வங்கிக் கணக்கிலோ ரூ.80 லட்சம் குறைந்திருக்கும். வர வேண்டிய ரூ.1 கோடி, கடனாளிகள் என்ற தலைப்பில் இருப்புநிலைக் குறிப்பில் நிற்கும். ரொக்க ஓட்ட அறிக்கை ரூ.20 லட்சம் லாபத்தில் தொடங்கி, கடனாளிகள் கூடிய ரூ.1 கோடியைக் கழித்து, செயல்பாடுகளால் ரூ.80 லட்சம் வெளியேறியது என்று காட்டும்.

ஓர் ஆண்டு இப்படி நடந்தால் கவலையில்லை. வளரும் நிறுவனத்தில் இது இயல்பு. லாபம் ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டே போக, செயல்பாட்டு ரொக்கம் தொடர்ந்து எதிர்மறையாகவே இருந்தால் சரக்கு தேங்குகிறதா, வாங்கியவர்கள் பணம் தரவில்லையா என்று பார்த்தே ஆக வேண்டும். எதிர்த்திசையிலும் வேறுபாடு வரும். இயந்திரத் தேய்மானம் லாபத்தைக் குறைக்கும். அந்த ஆண்டில் ஒரு ரூபாயும் அதற்காக வெளியே போகாது.

நம்பிக்கை: லாபம் இரட்டிப்பானால் தொழில் நன்றாக நடக்கிறது.

உண்மை: பழைய நிலத்தை விற்றாலும் லாபம் இரட்டிப்பாகும். அதனால்தான் அசாதாரண இனங்களும் இதர வருமானமும் லாப நட்டக் கணக்கில் தனி வரிகளில் காட்டப்படுகின்றன. அவற்றை நீக்கிய பிறகு மிஞ்சுவதே தொழில் ஈட்டியது.

நம்பிக்கை: காப்பும் மிகுதியும் ரூ.500 கோடி என்றால் நிறுவனத்திடம் ரூ.500 கோடி ரொக்கம் இருக்கிறது.

உண்மை: இது மிகப் பரவலான குழப்பம். காப்பும் மிகுதியும் என்பது பெரும்பாலும், இதுவரை ஈட்டிய லாபத்தில் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்காமல் நிறுவனத்திலேயே விட்டுவைத்த தொகை. அது கட்டடமாகவோ இயந்திரமாகவோ சரக்காகவோ எப்போதோ மாறியிருக்கலாம். கையிலிருக்கும் பணத்தைத் தெரிந்துகொள்ள, சொத்துகள் பகுதியில் ‘ரொக்கம் மற்றும் ரொக்கத்துக்குச் சமமானவை’ என்ற வரியைத்தான் பார்க்க வேண்டும். அதே பகுதியில் உள்ள நிலத்தின் மதிப்பும் இன்றைய சந்தை விலையாக இருக்க வேண்டியதில்லை. பல நிறுவனங்களில் அது வாங்கிய காலத்து விலை.

நம்பிக்கை: இருபுறமும் சமமாக இருந்து, தணிக்கையாளரும் கையெழுத்திட்டிருந்தால் கணக்கு சரி.

உண்மை: ஒவ்வொரு பதிவுக்கும் பற்று, வரவு என இரண்டு முனைகள் உண்டு. பொய்ப் பதிவுக்கும் அப்படித்தான். ஆகவே பொய்க் கணக்கும் சமமாகவே இருக்கும். ஹைதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் இதற்குப் பெரிய சான்று. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதத்தில், 2008 செப்டம்பர் 30 நிலவரப்படி புத்தகங்களில் காட்டிய ரூ.5,361 கோடி ரொக்க, வங்கி இருப்பில் ரூ.5,040 கோடி இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். இல்லாத பணத்துக்கு வர வேண்டிய வட்டி என்று ரூ.376 கோடியும் கணக்கில் ஏறியிருந்தது. செப்டம்பர் 30-இல் முடிந்த காலாண்டில் அறிவித்த செயல்பாட்டு லாபம் ரூ.649 கோடி, உண்மையில் ரூ.61 கோடிதான் என்றது கடிதம்.

அந்த நிறுவனத்தின் கணக்குகளுக்குத் தணிக்கையாளர் ஆண்டுதோறும் சான்றளித்து வந்தார். வங்கி இருப்பை வங்கியிடமே நேரடியாக உறுதி செய்துகொள்ளும் நடைமுறை சரிவரப் பின்பற்றப்படவில்லை என்று அமெரிக்கப் பங்கு பரிவர்த்தனை ஆணையம் 2011-இல் கண்டது. தணிக்கையாளர் தருவது உத்தரவாதம் அன்று. கணக்குகள் உண்மையான, நியாயமான நிலையைக் காட்டுகின்றனவா என்பது பற்றிய கருத்து மட்டுமே. அதற்காகத் தணிக்கை அறிக்கையைத் தள்ளிவிடக் கூடாது. நிபந்தனையுடன் கூடிய கருத்தா, நிறுவனம் தொடர்ந்து இயங்குமா என்ற ஐயம் எழுப்பப்பட்டிருக்கிறதா, முக்கியத் தணிக்கை விவகாரங்கள் எவை என்பதெல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அதன் இணைப்பில், வங்கிக் கடனைத் திருப்பிச் செலுத்தத் தவறியிருந்தால் அதுவும் சொல்லப்பட வேண்டும். ரூ.5 கோடிக்கு மேல் நடைமுறை மூலதனக் கடன் வரம்பு பெற்ற நிறுவனம் வங்கிக்குக் கொடுத்த காலாண்டு விவரங்கள் அதன் புத்தகங்களோடு ஒத்துப்போகின்றனவா என்பதையும் தணிக்கையாளர் எழுதியாக வேண்டும்.

நம்பிக்கை: கடன் வாங்கிய நிறுவனம் மோசமான நிறுவனம்.

உண்மை: கடனின் அளவை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. வட்டியும் வரியும் கழிப்பதற்கு முந்தைய லாபம் வட்டிச் செலவைப்போல் எத்தனை மடங்கு, அடுத்த 12 மாதங்களில் எவ்வளவு திருப்பிச் செலுத்த வேண்டும் என்ற இரண்டும் தெரிந்தால் போதிய தெளிவு கிடைக்கும்.

நம்பிக்கை: எந்தக் கணக்கைப் பார்த்தாலும் ஒன்றுதான்.

உண்மை: துணை நிறுவனங்கள் உள்ள நிறுவனம் தனிக் கணக்கு, ஒருங்கிணைந்த கணக்கு என இரண்டை வெளியிடும். டாடா மோட்டார்ஸ் 2008-இல் ஜாகுவார் லேண்ட் ரோவரை வாங்கியது. அதன் பிறகான ஆண்டுகளில் அந்தக் கார்களின் விற்பனை டாடா மோட்டார்ஸின் தனிக் கணக்கில் வரவில்லை, ஒருங்கிணைந்த கணக்கில்தான் தெரிந்தது. ஒரே ஆண்டில் ஒன்றில் லாபமும் மற்றொன்றில் நட்டமும் இருக்கலாம்.

நம்பிக்கை: பின்னால் வரும் குறிப்புகள் கணக்காளர்களுக்கு மட்டும்.

உண்மை: முதலீட்டாளரின் தூக்கத்தைக் கெடுக்கக்கூடிய செய்திகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வழக்கில் தோற்றால் கட்ட வேண்டியிருக்கும் வரி, துணை நிறுவனக் கடனுக்குக் கொடுத்த பிணை போன்றவை நிகழக்கூடிய பொறுப்புகள் என்ற குறிப்பில் வரும். இருப்புநிலைக் குறிப்பின் கூட்டுத்தொகையில் சேராது. உரிமையாளர் குடும்பத்தின் வேறு நிறுவனங்களோடு நடந்த கொடுக்கல் வாங்கல் ‘தொடர்புடைய தரப்பினர்’ குறிப்பில் இருக்கும். தொழிலிலிருந்து வந்த பணம் அந்த வழியாக வெளியே போகிறதா என்பதை அங்கேதான் பார்க்க முடியும்.

இந்தியாவில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் மும்பை பங்குச் சந்தை, தேசியப் பங்குச் சந்தை இணையதளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே நிறுவனத்தின் ஐந்தாண்டு அறிக்கைகளை எடுத்து, நிகர லாபத்தையும் செயல்பாட்டு ரொக்கத்தையும் ஆண்டுவாரியாக அருகருகே எழுதிப் பார்க்கக் கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.