பழைய காரில் குளிர் குறைவது ஏன்?

கோடை நண்பகலில், எண்ணூர் விரைவுச்சாலையில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அகப்பட்டு நிற்கும் பழைய கார் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஏ.சி. ஓடுகிறது, ஆனால் குளிர் இல்லை. “கேஸ் தீர்ந்துவிட்டது, நிரப்பினால் சரியாகிவிடும்” என்பது நாம் வழக்கமாகக் கேட்கும் பதில். பெட்ரோல் எரிந்து தீரும். கேஸும் அப்படித் தீருமா? இதற்கு விடை தெரிந்தால் வீட்டுப் பணம் வீணாகாது.

கையில் ஸ்பிரிட்டைத் தடவினால் சில்லென்று இருக்கிறதல்லவா? திரவம் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். மண்பானை நீர் குளிர்வதும் இதனால்தான். காரில் இந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் ஆர்-134ஏ என்னும் பொருள். சாதாரணக் காற்றழுத்தத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 26 டிகிரி செல்சியஸிலேயே அது கொதித்துவிடும்.

டாஷ்போர்டுக்குள் இருக்கும் எவாப்பரேட்டரில் அது ஆவியாகி, காருக்குள் உள்ள வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. என்ஜினால் சுழலும் கம்பிரஸர் அந்த ஆவியை அழுத்திச் சூடேற்றி, ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள கண்டென்ஸருக்கு அனுப்புகிறது. அங்கே அது வெப்பத்தை வெளிக்காற்றிடம் கொடுத்துவிட்டு மீண்டும் திரவமாகிறது. பிறகு ஒரு குறுகிய வால்வின் வழியே எவாப்பரேட்டருக்கே திரும்புகிறது. ஆகவே கேஸ் எரிவதுமில்லை, தீர்வதுமில்லை. சுற்றிச் சுற்றி வருகிறது.

இனி, குறையைத் தேடும் முறையைக் காண்போம். செலவில்லாததை முதலில் பார்க்க வேண்டும்.

முதலாவது, வெளிக்காற்று வரும் வழி மூடியிருக்கிறதா? நம் பகுதியில் கடற்காற்றின் ஈரம் அதிகம். அந்த நீராவியை நீராக்குவதிலேயே ஏ.சி.யின் ஆற்றலில் பெரும்பகுதி செலவாகிவிடும். காரின் அடியில் நீர் சொட்டுவது பழுதன்று, நல்ல அறிகுறியே.

இரண்டாவது, காற்றே குறைவாக வருகிறதா? அப்படியானால் ஃபில்டரிலோ எவாப்பரேட்டரிலோ தூசி அடைத்திருக்கலாம்.

மூன்றாவது, ஓடும்போது குளிர்ந்து, நின்றால் குளிர் குறைகிறதா? கண்டென்ஸரின் விசிறியையும் மெல்லிய தகடுகளையும் பார்க்க வேண்டும். லாரிப் புழுதியும் உப்புக்காற்றும் சேர்ந்து அந்தத் தகடுகளை அடைத்துவிடும். என்ஜின் ஆறியபின் மெதுவாக நீர் விட்டுக் கழுவினாலே பல கார்களில் குளிர் திரும்பிவிடும்.

நான்காவது, ஏ.சி.யைப் போட்டதும் பெல்ட் கிரீச்சிடுகிறதா? கம்பிரஸர் கிளட்ச் ‘டக்’கென்று பிடிக்கிறதா?

இவையெல்லாம் சரியாக இருந்தால்தான் கேஸைப் பற்றிப் பேச வேண்டும். கேஸ் குறைந்திருந்தால் எங்கோ கசிந்திருக்கிறது என்று பொருள். பழைய காரில் ரப்பர் குழாய், இணைப்பு வளையம், உப்பு அரித்த கண்டென்ஸர் ஆகியவை கசியும் இடங்கள். கேஸோடு எண்ணெயும் சேர்ந்து ஓடுவதால், இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்குடன் தூசி படிந்திருந்தால் அங்கே சந்தேகப்படலாம். சோப்பு நுரை வைத்தும் பார்ப்பார்கள். கசிவை அடைத்து, வாக்குவம் பம்பினால் உள்ளே உள்ள காற்றையும் ஈரத்தையும் அகற்றி, கார்க் கம்பெனி குறித்துள்ள எடைக்கே கேஸ் நிரப்ப வேண்டும். எடை மிஞ்சினாலும் குளிர் குறையும். இந்த வேலையை மெக்கானிக்கிடமே விட்டுவிட வேண்டும். பீறிடும் திரவம் பட்டால் தோலும் கண்ணும் உறைந்து புண்ணாகும்.

ஐஸ் தொழிற்சாலைகளிலும் இதே சுழற்சிதான் நடக்கிறது. அங்கே பெரும்பாலும் அம்மோனியா ஓடுகிறது. அம்மோனியா கசிந்தால் மூக்கே சொல்லிவிடும். 2023 டிசம்பர் 26 இரவில், எண்ணூரில் ஓர் உரத் தொழிற்சாலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பம் மக்கள் நெடி தாங்காமல் வீட்டைவிட்டு வெளியே ஓடினார்கள். கார் கேஸ் கசிந்தால் இப்படி யாரையும் எழுப்பாது. ஆனால் பூமியை வெப்பமாக்குவதில் ஆர்-134ஏ, கரியமில வாயுவைப்போல ஏறக்குறைய 1,400 மடங்கு வலிமை உடையது. ஒரு சிறிய காரின் அரைக் கிலோ கேஸ் வெளியேறினால், 700 கிலோ கரியமில வாயுவை வெளியிட்டதற்குச் சமம். அதற்கு முன் பயன்பட்ட ஆர்-12 ஓசோன் படலத்தையே அரித்தது. அதனால் 1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை பிறந்தது. இந்தியாவும் 2010-க்குள் அதைக் கைவிட்டது.

2015-இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடலில், பெருகிவரும் ஏ.சி. பயன்பாட்டைத் திருத்தந்தை பிரான்சிஸ் எடுத்துக்காட்டாகவே குறிப்பிட்டார். கசியும் காரில் ஆண்டுதோறும் கேஸ் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவது போன்றது. எனவே தோழியரே, அடுத்த முறை “கேஸ் நிரப்பலாமா?” என்று மெக்கானிக் கேட்டால், “கசிவு எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்” என்று சொல்லும்படி உங்கள் பெற்றோரிடம் கூறுங்கள்.