வெல்டிங் புகை: நுரையீரலைக் காக்க

கிரில் பட்டறையில் துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்பைப் பற்றவைக்கும்போது வெள்ளையாக எழுவது துத்தநாகப் புகை. அன்று மாலையே நாக்கில் உலோகச் சுவை, குளிர்நடுக்கம், காய்ச்சல், உடல்வலி வரலாம். ஓரிரு நாளில் தணிந்துவிடுவதால் பலர் இதைச் சாதாரணக் காய்ச்சல் என்றே நினைக்கிறார்கள்.

வெல்டிங் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2017-ல் வகைப்படுத்தியது.

• முகத்தில் கட்டும் துண்டு நுண்புகையைத் தடுக்காது. மூக்கோடும் தாடையோடும் இடைவெளியின்றிப் பொருந்தும் என்95 முகக்கவசம் குறைந்தபட்சத் தேவை.

• பற்றவைக்கும் இடத்திலுள்ள துத்தநாகப் பூச்சு, பெயின்ட், எண்ணெயை முதலில் அகற்றவும். அப்போதும் முகக்கவசம் வேண்டும்.

• புகைக்கு நேர் மேலே குனியாமல் பக்கவாட்டில் அமரவும்.

• ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் புகையில் குரோமியமும் நிக்கலும் உண்டு. அங்கே ஃபேன் போதாது. புகையை அது எழும் இடத்திலேயே இழுக்கும் உறிஞ்சுகுழாய் தேவை.

• பாலும் வாழைப்பழமும் நுரையீரலைச் சுத்தம் செய்யாது.

• பீடி, சிகரெட் பாதிப்பைக் கூட்டும்.

• விடுமுறையில் குறைந்து, வேலைக்குத் திரும்பியதும் கூடும் இருமலோ மூச்சிறைப்போ இருந்தால் மருத்துவரிடம் தொழிலைச் சொல்லி, ஸ்பைரோமெட்ரி (மூச்சுத்திறன் அளவிடும்) பரிசோதனை பற்றிக் கேட்கவும்.