“அண்ணே, நீங்களே ஜெபம் பண்ணிருங்க”

வாலிபர் கூட்டத்தில் “யாராவது ஒருத்தர் ஜெபம் பண்ணுங்க” என்று சொல்லிப் பாருங்கள். அத்தனை தலையும் குனியும். பக்தியில் அல்ல, நம் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்றுதான். கடைசியில் எவனாவது, “அண்ணே, நீங்களே ஜெபம் பண்ணிருங்க” என்பான்.

எங்கள் சி.எஸ்.ஐ. சபையில் வாலிபர் ஐக்கியத்தைப் பல வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளைகளுக்கு விசுவாசம் குறைந்துபோச்சு என்று பெரியவர்கள் சொல்வதை நான் ஒத்துக்கொள்வதில்லை. அவர்கள் கேட்டு வளர்ந்ததெல்லாம் கன்வென்ஷன் மேடை ஜெபம். மைக்கில், மூச்சு விடாமல், கால் மணி நேரம். இதுதான் ஜெபம் என்றால் நமக்கு வராது என்று பையன் ஒதுங்கிக்கொள்கிறான்.

அதனால் முதலில் பைபிளில் நெகேமியாவைக் காட்டுவேன். உனக்கு என்ன வேண்டும் என்று ராஜா கேட்கிறான். பதில் சொல்வதற்குள் அந்த இடைவெளியிலேயே நெகேமியா ஜெபித்துவிடுகிறார் (2:4). என்ன ஜெபித்தார் என்றுகூட எழுதியில்லை. வைவா அறை வாசலில், பஸ் படிக்கட்டில், அப்படி ஒரு வரி போதும். கண்ணை மூடியே ஆகவேண்டும் என்பதில்லை. பைக் ஓட்டுகிறவன் மூடவே கூடாது.

கூட்டத்தில் வட்டமாக உட்காரவைத்து, ஆளுக்கு ஒரே வாக்கியம், வீட்டில் பேசுகிற தமிழில். “ஆண்டவரே, எங்கம்மாவுக்கு முட்டுவலி குறையணும்.” அவ்வளவுதான். வாய் திறக்க விருப்பமில்லாதவர்கள் “ஆமென்” என்றால் முறை அடுத்தவருக்குப் போய்விடும். உதடு மட்டும் அசைய ஜெபித்த அன்னாளை, குடித்திருக்கிறாள் என்றே ஆசாரியர் ஏலி நினைத்தார். சத்தமில்லாத ஜெபத்தைச் சந்தேகிக்கிற ஏலிகள் இன்றைக்கும் சபையில் உண்டு.

தனி ஜெபத்தில் வருகிற புகார் வேறு: “மனசு நிக்க மாட்டேங்குது.” இதே சிக்கலுக்கு மார்ட்டின் லூத்தர் 1535இல் தன் முடிதிருத்துநர் பீட்டருக்காக ஒரு சின்னப் புத்தகமே எழுதினார். கத்தியில் கண் வைக்காமல் ஊர்க்கதை பேசுகிறவன் வாடிக்கையாளர் மூக்கை அறுத்துவிடுவான், ஜெபமும் அப்படித்தான் என்கிறார். அவர் சொன்ன வழி எளிது. கர்த்தருடைய ஜெபத்தை மடமடவென்று ஒப்பிக்காமல், ஒவ்வொரு வேண்டுதலாக நின்று போவது. அன்றன்றுள்ள அப்பத்தில் நின்றால் அப்பாவின் வேலை, ஹாஸ்டல் மெஸ் பில். மன்னிப்பில் நின்றால், பேச்சை நிறுத்திவிட்ட சிநேகிதன். ஓரிடத்தில் மனசு பிடித்துக்கொண்டால் அங்கேயே இருந்துவிடலாம், மீதியை அன்றைக்கு முடிக்காவிட்டாலும் குற்றமில்லை.

நீட்டில் தோற்ற ஒரு தங்கச்சி, “கடவுள்மேல கோவமா இருக்கு, ஜெபிக்க மாட்டேன்” என்றாள். சமாதானம் சொல்லாமல் 88ஆம் சங்கீதத்தை வாசிக்கக் கொடுத்தேன். முதல் வசனம் தாண்டினால் ஆறுதலே இல்லாமல் இருளிலேயே முடிகிற சங்கீதம் அது. “இப்படியெல்லாம் பைபிள்ல இருக்கா?” என்றவள், தன் கோபத்தை நோட்டில் எழுத ஆரம்பித்தாள். போனில் வேண்டாம், நோட்டிலேயே எழுது என்றேன். நோட்டிபிகேஷன் வந்தால் ஜெபம் இன்ஸ்டாகிராமில் போய் முடியும்.

இன்னொன்றில் நான் கொஞ்சம் கண்டிப்பு. ‘இன்னார் வீட்டில் பிரச்சினை, ஜெபிச்சுக்கோங்க’ என்று வாட்ஸ்அப்பில் வருவதில் பாதி ஜெபக்குறிப்பு, மீதி வம்பு. சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல் எங்கள் குரூப்பில் யார் பெயரையும் போடக் கூடாது. போட்டால் அட்மின் உடனே அழித்துவிடுவான்.